அங்கம் துடித்த வரலாறு

பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில், மனையடி சாஸ்திரத்துக்கு அருகில், பல்லி விழும் பலனும் அங்கம் துடிக்கும் பலனும் பொடி எழுத்தில் அட்டவணையாக அச்சிட்டிருப்பதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் அரியர். உச்சந்தலையில் தொடங்கி, நெற்றி, புருவம், இமை, தோள், தொடை, கெண்டைக்கால் என்று இறங்கி உள்ளங்காலில் முடியும் அந்த அட்டவணை, மனிதனுடைய சித்தத்தைக் கேளாமல் சரீரத்தில் தானாகத் துடிக்கக்கூடிய இடங்கள் யாவை என்பதை ஏறக்குறைய ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருக்கிறது. ஆடவர்க்கு வலப்புறம் நன்று, பெண்டிர்க்கு இடப்புறம் நன்று என்னும் பொதுவிதியை எழுத்தறியாத பாட்டிமாரும் அறிவர். படித்தவர்கள் இன்று இந்தப் பக்கங்களைப் படிக்காமலே புரட்டிவிடுகிறார்கள். அந்தப் பலன்களை நம்பவேண்டும் என்று நானும் சொல்ல வரவில்லை.

ஆனாலும் இந்த அட்டவணையிலிருந்து தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. தசை தானாகத் துடிப்பதைப் பற்றி உலகத்தில் இரண்டு வகை நூல்கள் தோன்றியிருக்கின்றன. ஒன்று நிமித்த நூல், மற்றொன்று வைத்திய நூல். நிமித்தம் பார்த்தவர்கள் துடிப்புக்குப் பொருள் கற்பித்ததில் தவறினார்கள். எனினும் திடகாத்திரமான மனிதர்களுக்கும் அது வந்துபோகும் என்பதில் அவர்களுக்கு ஒருநாளும் சந்தேகம் எழவில்லை. ஏனெனில் அவர்களிடம் பலன் கேட்க வந்தவர்கள் பயிரிடுகிறவர்களும், வியாபாரத்துக்குப் புறப்படுகிறவர்களும், கணவன் வரவை எதிர்பார்த்திருந்த பெண்களுமே. வைத்தியர்களோ, ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய நூறாண்டுக் காலம், இந்தச் சாமானிய உண்மையைக் கண்ணில் படாமலே வைத்திருந்தார்கள். அதனால் பிறந்த பயத்தை, இன்றும் இரவில் தம் காலையோ இமையையோ உற்றுப் பார்த்துக்கொண்டு உறக்கமின்றிக் கிடக்கும் எத்தனையோ பேர் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, எப்படி ஓரளவு நீங்கிற்று என்பதே நான் சொல்ல விரும்பும் வரலாறு.

பழந்தமிழர் நிமித்தத்தில் ஊறியவர்கள். ஊர்ப்புறத்தில் நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கிவிட்டு, முதலில் காதில் விழும் நற்சொல்லுக்காகப் பெருமுதுபெண்டிர் காத்து நிற்கும் விரிச்சி வழக்கத்தை முல்லைப்பாட்டு காட்டுகிறது. புள் நிமித்தமும் பல்லியின் ஒலியும் சங்கப் பாடல்களில் பல இடங்களில் வருகின்றன. அங்கத் துடிப்பும் அந்த வரிசையில் சேர்ந்தது. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடிய கலித்தொகைப் பாட்டு ஒன்றில், பொருள் தேடச் சென்ற தலைவன் திரும்பி வருவான் என்பதற்குப் பல்லியின் குரலோடு சேர்த்துத் தலைவியின் இடக்கண் துடிப்பும் சாட்சியாக நிற்கிறது. பாலையின் கொடுமையிலும் களிறு பிடிக்கு நீரூட்டிப் பின் தான் உண்ணும் என்று அன்புக்காட்சிகளை அடுக்கிக்கொண்டு வந்த கவி, கடைசியில் ஒரு பெண்ணின் இமையோரத்து அசைவில் வந்து நிற்பது, அந்தச் சின்னஞ்சிறு அசைவுக்கு அக்காலத்தார் கொடுத்திருந்த மதிப்பை நமக்குத் தெரிவிக்கிறது.

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதை முடியும் இடத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். புகார் நகரமே விழாக்கோலம் பூண்டிருக்கும் அந்நாளில், கண்ணகியின் இடக்கண்ணும் மாதவியின் வலக்கண்ணும் துடித்தன என்று சொல்லி இளங்கோவடிகள் நிறுத்திக்கொள்கிறார். பிரிந்த கணவன் கண்ணகியிடம் மீள்வான், மாதவியை விட்டு நீங்குவான் என்பது குறி. குறி பலிக்கவும் செய்தது. ஆனால் மீண்டு வந்தவன் கண்ணகியை அழைத்துக்கொண்டு போனது மதுரைக்கு. நன்னிமித்தம் சொன்னபடியே நடந்து, அந்த நடப்பே கொலைக்களத்தில் கொண்டுபோய் விட்டது என்பதை எண்ணும்போது, துடிப்பைக் கொண்டு எதிர்காலத்தை அறிவதில் மனிதனுக்கு என்ன லாபம் என்ற கேள்வியைக் காப்பியமே எழுப்பிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

கம்பர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சுந்தர காண்டத்துக் காட்சிப் படலத்தில், அசோகவனத்தில் தனித்திருக்கும் சீதை, உறங்காதிருந்த திரிசடையிடம் தன் இடப்புறம் துடிப்பதைச் சொல்லும்போது அதை மாத்திரம் சொல்லி நிறுத்துவதில்லை. முனிவரோடு இராமன் மிதிலைக்கு வந்த நாளில் புருவமும் தோளும் கண்ணும் இப்படியே துடித்ததையும், அவன் நாடு துறந்து கான் புகுந்த நாளில் வலம் துடித்ததையும், வஞ்சனையால் இராவணன் வந்த நாளில் மறுபடியும் வலம் துடித்ததையும் வரிசையாக நினைவுகூர்ந்து, இன்று இடம் துடிக்கிறதே, இதன் பொருள் யாது என்று கேட்கிறாள். ஒரு தேர்ந்த வைத்தியன் நோயாளியிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் பூர்வ சரித்திரம் இவ்வாறுதான் இருக்கும். துடிப்போடு வாழ்கிறவர்கள் அனைவரிடமும் இந்தக் கணக்கு உண்டு. எந்த நாள், எந்தப் பக்கம், அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று மனம் தானாகவே ஏடு எழுதிக்கொண்டு போகிறது. ஒன்றும் நடவாத நாட்களில் வந்த துடிப்புகள் மாத்திரம் அந்த ஏட்டில் ஏறுவதில்லை.

வடமொழியில் காளிதாசன் இதையே நாடகமாக்கினான். கண்வருடைய ஆசிரமத்தில் அடிவைக்கும் துஷ்யந்தனுக்கு வலத்தோள் துடிக்கிறது. அரசவையில் நிராகரிக்கப்படுவதற்குமுன் சகுந்தலைக்கு வலக்கண் துடிக்கிறது. இவை நம் நாட்டுக்கே உரிய எண்ணங்கள் என்று நினைப்பது பொருந்தாது. கிரேக்கக் கவி தியோகிரிட்டஸ், கிறிஸ்து பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், காதலியின் குகை வாயிலில் நின்று பாடும் ஓர் ஆட்டிடையனைப் படைத்தபோது, அவனுக்கும் வலக்கண்ணைத் துடிக்கச் செய்து, அவளைக் காணப்போகிறோமோ என்று ஏங்க வைத்தார். மெலாம்பஸ் என்பவர் பெயரால் வழங்கும் கிரேக்கத் துடிநூல் ஒன்று, தாலமி மன்னனுக்கு எழுதியதாக அமைந்தது, அங்கம் அங்கமாகப் பலன் சொல்கிறது. எகிப்து மணலில் அகப்பட்ட பாபிரஸ் ஏட்டுத் துண்டுகளில் இவ்வகை நூல்களின் பகுதிகள் இருக்கின்றன. அடிமைக்கு ஒரு பலன், கன்னிக்கு ஒரு பலன், விதவைக்கு ஒரு பலன் என்று அவை பிரித்துச் சொல்லும் முறை நம் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. அரபியிலும் துருக்கியிலும் இதற்குத் தனி நூல்களே உண்டு. எவர் எவரிடமிருந்து கற்றார் என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்க, எல்லா நாட்டு மனிதர்களுக்கும் இமையும் தோளும் கெண்டைக்காலும் துடித்தன என்பதற்கு இதைவிட வேறு பிரமாணம் வேண்டுவதில்லை.

வைத்தியர்களும் பழங்காலத்தில் இதைக் கண்டு அஞ்சவில்லை. சரக சம்ஹிதையில் வாத வியாதிகளுக்குச் சிகிச்சை சொல்லும் அத்தியாயம், உடல் முழுவதும் வாதம் கெட்டுப்போன நிலையில் அங்கங்கள் துடிப்பதையும் முறிவதுபோல் வலிப்பதையும் குறிப்பிடுகிறது. கண்ணிமை ஓயாது துடிக்கும் நோயைச் சுசுருதர் நிமேஷம் என்று பெயரிட்டு, இமையின் நாடிகளில் புகுந்த வாயுவே அதற்குக் காரணம் என்றார். வாத நோய்கள் எண்பது என்பது ஆயுர்வேதத்துக்கும் நம் சித்த வைத்தியத்துக்கும் பொதுவான கணக்கு. இதைக் காட்டிலும் எனக்கு வியப்பைத் தருவது, தொலைவில் ரோமாபுரியில் இரண்டாம் நூற்றாண்டில் வைத்தியம் செய்த காலென், நடுக்கம், துடிப்பு, வலிப்பு, குளிர்நடுக்கம் ஆகிய நான்கையும் வேறுபடுத்தித் தனியே ஒரு கிரந்தம் எழுதியபோது, துடிப்புக்கு மட்டும் வெளியேற வழியின்றித் தசைக்குள் அடைபட்ட ஆவியைக் காரணமாகக் கண்டதுதான். நடுக்கத்தில் மனிதன் கையை நிறுத்த முயல்கிறான், கை நிற்பதில்லை; துடிப்பிலோ மனிதனுடைய முயற்சிக்கு அங்கே இடமே இல்லை, தசை தானாக எழுந்து தானாக அடங்குகிறது என்ற நுட்பமான பேதத்தை அவர் உணர்ந்திருந்தார். கிழக்கிலும் மேற்கிலும் கண்ணுக்குப் புலனாகாமல் நுழைந்து அசைப்பது காற்று ஒன்றே என்று கண்டவர்கள், தசையை அசைப்பதும் காற்றே என்று கொண்டது இயல்பு. இன்றும் கிராமத்தில் தொடையோ முதுகோ துடித்தால், "வாயுதான், பூண்டு போட்டு ரசம் வைத்துச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள்.

காற்றின் ஆட்சி 1791-இல் முடிந்தது என்று சொல்லலாம். இத்தாலியில் பொலோனா நகரத்துப் பேராசிரியர் லூயிஜி கால்வானி, உயிர் நீங்கிய தவளையின் காலில் நரம்பைத் தொட்டபோது அந்தக் கால் உதறிக்கொண்டதைப் பல வருஷங்கள் ஆராய்ந்து, தசையை இயக்குவது மின்சாரத்தை ஒத்த ஒரு சக்தி என்று அவ்வாண்டில் நூல் வெளியிட்டார். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்குள் நரம்பில் மின்னோட்டம் ஓடுவதைக் கருவிகொண்டு காட்டினார்கள். அதன் வேகத்தையும் அளந்தார்கள். துடிப்பு என்பது நரம்பு இட்ட கட்டளையைத் தசை நிறைவேற்றுவது. கட்டளை மூளையிலிருந்து வராமல் வழியிலேயே எங்கோ பிறந்துவிடுகிறது என்று சொல்லும் அளவுக்கு விஷயம் தெளிவாயிற்று.

இவ்வளவு தெளிவு பிறந்த அதே காலத்திலேதான் பயமும் பிறந்தது. 1850-இல் பாரிஸ் மருத்துவர் அரான், தசைகள் படிப்படியாக மெலிந்துபோகும் நோயுற்ற பதினொருவருடைய வரலாற்றை வெளியிட்டார். மின்சாரத்தைக் கொண்டு தசைகளைச் சோதித்து வந்த துஷேன் அந்த ஆராய்ச்சியில் அவருக்குத் துணை நின்றவர். மெலிந்துகொண்டிருந்த அத்தசைகளில் ஓயாத சிறுதுடிப்பு காணப்பட்டது. 1869 முதல் நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ, பாரிஸின் சால்பேத்ரியே மருத்துவமனையில் இறந்தவர்களுடைய முதுகுத்தண்டை ஆராய்ந்து, அங்கே இயக்க நரம்பணுக்கள் அழிந்துபோயிருப்பதைக் கண்டார்; 1874-இல் அந்நோய்க்கு அவர் சூட்டிய நீண்ட பெயரையே சுருக்கி இன்று ஏ.எல்.எஸ். என்கிறார்கள். கை கால் சோர்ந்து, பேச்சும் விழுங்குதலும் குன்றி, சில ஆண்டுகளில் மூச்சும் நின்றுவிடும் அந்நோய்க்கு அன்றும் மருந்து இல்லை. இன்றும் முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை. மெலிவு, தளர்வு, துடிப்பு என்ற மூன்றும் அதன் இலக்கணமாகப் பாடநூல்களில் ஏறின. மாணவன் படித்தான், வைத்தியனானான், துடிப்பைக் கண்டவுடன் அவன் முகம் மாறியது. அந்த முகமாற்றத்தை நோயாளி பார்த்தான்.

இதில் பிழை எங்கே நேர்ந்தது? அரானும் ஷார்க்கோவும் கண்டவை யாவும் உண்மை. அவர்கள் கண்டறிந்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் மருத்துவமனை. கை மெலிந்தவன் அங்கே வந்தான். இமை துடித்தும் கெண்டைக்கால் துடித்தும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தவன் அங்கே வரவில்லை. வந்திருந்தாலும் நூலில் எழுதத்தக்கவனாக எவருக்கும் தோன்றியிருக்க மாட்டான். சீதையின் ஏட்டில் ஒன்றும் நடவாத நாட்கள் ஏறாததுபோலவே, மருத்துவரின் ஏட்டில் ஒன்றும் ஆகாத மனிதர்கள் ஏறவில்லை. நோயுள்ளவர்களில் எத்தனை பேருக்குத் துடிப்பு உண்டு என்று கேட்டார்களே ஒழிய, துடிப்பு உள்ளவர்களில் எத்தனை பேருக்கு நோய் உண்டு என்று நெடுங்காலம் ஒருவரும் கேட்கவில்லை. முந்திய கேள்விக்கு விடை பெரும்பாலோர்க்கு என்பது. பிந்திய கேள்விக்கு விடை மிக மிகச் சிலர்க்கு என்பது.

பயம் மருத்துவமனையோடு நிற்கவில்லை. 1939-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் லூ கெரிக், தம் முப்பத்தாறாவது பிறந்தநாளில், ராச்செஸ்டர் நகரத்து மேயோ மருத்துவமனையில் ஏ.எல்.எஸ். நோயுடையவராகத் தீர்மானிக்கப்பட்டார். 1941 ஜூன் மாதம் மறைந்தார். அதுவரையில் மருத்துவர்களின் நூல்களில் அடங்கியிருந்த பெயர் அன்றுமுதல் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று.

துடிப்போடு வாழ்வது எப்படியிருக்கும் என்பதை அறியாதவர்களுக்காக இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். பல ஆண்டுகளாக என் இடது கெண்டைக்காலில் அது குடியிருக்கிறது. நடக்கும்போதும் படி ஏறும்போதும் அதன் சுவடே தெரியாது. இரவில் காலை நீட்டிப் படுத்து, தசை முழுவதும் தளர்ந்தபிறகு, ஆடுசதையின் உட்பக்கத்தில் நெல்மணி அகலமுள்ள ஓர் இடம் சட்டென்று குழிந்து எழும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் தோலின்மேல் அதன் நிழல் ஓடுவது தெரியும். விரலை வைத்தால் அங்கே நின்று, இரண்டு விரற்கடை தள்ளி வேறோர் இடத்தில் தொடங்கும். வலி கிடையாது; காலும் அசைவதில்லை. ஒரு வாரம் காணாமல் போய், அடுத்த வாரம் இமையிலோ கட்டைவிரலின் அடிமேட்டிலோ வந்து நிற்கும். இவ்வளவுதான் நோய். ஆனால் இவ்வளவும், அமைதியான இரவில், வேறு எதிலும் மனம் செல்லாத நேரத்திலேயே நிகழ்வதால், மனம் அதன்மேல் கவிந்து கிடக்கிறது. மனம் கவியக் கவியத் துடிப்பும் மிகுவதுபோல் தோன்றுகிறது.

காரணம் தேடும் படலம் அங்கே தொடங்குகிறது. காப்பியை நிறுத்திப் பார்க்காதவர் துடிப்புள்ளவர்களில் இல்லை. உறக்கம் கெட்டதா, அதிகமாக நடந்தோமா, வியர்வையில் உப்பு வெளியேறியதா, தைராய்டு சுரப்பி கூடிற்றா, கால்சியமும் மக்னீசியமும் குறைந்தனவா, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்புட்டமால் மருந்து காரணமா, போன மாதத்துக் காய்ச்சலின் மிச்சமா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்து ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போகிறார்கள். இவற்றில் ஒவ்வொன்றும் சிலருக்கு உண்மையான காரணமாக இருப்பதால் இந்தத் தேடலை வீண் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு 1869-இல், நாகரிக வாழ்க்கையின் ஓட்டத்தில் நரம்பின் சக்தி தீர்ந்துபோவதே பல நோய்களுக்கு மூலம் என்று ஒரு கொள்கையைப் பரப்பினார். மேல்நாட்டு வைத்தியம் அதைப் பின்னர் கைவிட்டது. அதை ஒத்த எண்ணம் நம் ஊரில் நரம்புத் தளர்ச்சி என்ற பெயரோடு லேகியப் புட்டிகளின் மேலும் சுவர் விளம்பரங்களிலும் இன்றும் வாழ்கிறது. கெண்டைக்கால் துடிக்கிறது என்று நான் சொன்னவுடன் அந்தப் பெயரைச் சொல்லாத உறவினர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

துடிப்பை அதன் நியாயமான இடத்தில் கொண்டுபோய் வைத்தவர்களின் கதை மெதுவானது. ஜெர்மனியில் பிரீடிரிக் ஷுல்ட்ஸே 1895-இல், மெலிவும் தளர்வும் இல்லாமலே தசைகள் அலையலையாகத் துடிப்பதைத் தனியான ஒரு நிலையாக விவரித்தார். அதை எடுத்துத் தொடர்ந்தவர்கள் சிலரே. 1929-இல் இங்கிலாந்தில் எட்ரியனும் பிராங்கும், ஊசிக்குள் கம்பியைச் செலுத்திய ஒரு கருவியைத் தசையில் குத்தி, அங்கே எழும் மின்னோட்டத்தை ஒலிபெருக்கியில் கேட்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். இன்று ஈ.எம்.ஜி. எனப்படும் சோதனைக்கு அதுவே தாய். அந்தச் சோதனைக்குப் படுத்தவர்களுக்குத் தெரியும்: காலைத் தளர்த்திவிட்டால் ஒலிபெருக்கி மௌனமாகிவிடும், துடிப்பு வரும்போது அந்த மௌனத்தில் 'டப்' என்று ஒற்றை ஓசை கேட்கும், பிறகு மறுபடியும் மௌனம்.

நியூசிலாந்தில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் நரம்பியல் அறிஞர் ஷெரிங்டனிடம் பயின்ற டெனி-பிரௌன், பென்னிபேக்கர் என்பவரோடு சேர்ந்து 1938-இல் வெளியிட்ட ஆராய்ச்சிதான் இந்த வரலாற்றின் திருப்பம். அதுவரையில் இருவேறு நிகழ்ச்சிகளை ஒன்றாகவே கருதிவந்தார்கள். நரம்பு அறுந்துபோனால் அதன் ஆளுகையை இழந்த தசைநார் ஒவ்வொன்றும் தனித்தனியே அதிர்கிறது. அந்த அதிர்வு மிக நுண்ணியதாகையால் தோலுக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் துடிப்போ, ஒரு நரம்பணுவின் கீழ் இயங்கும் நார்கள் அனைத்தும் ஒரே கணத்தில் சுருங்குவது. கெண்டைக்காலில் அப்படி ஓர் அணுவின் கீழ் ஆயிரத்துக்கு மேற்பட்ட நார்கள் உண்டு. ஆகையால்தான் ஓர் அணுவின் தவறான கட்டளையும் விளக்கு வெளிச்சத்தில் தெரியும் அளவுக்குப் பெரிதாகிறது. முன்னது நரம்பு அழிந்ததற்கு அடையாளம். பின்னது நரம்பு உயிரோடிருந்து காலமறியாமல் கட்டளையிடுவதற்கு அடையாளம். கண்ணால் கண்ட துடிப்பை மாத்திரம் கொண்டு நரம்பு அழிகிறது என்று முடிவு செய்வதற்கு இடமில்லை என்பது இதனால் நிறுவப்பட்டது. டெனி-பிரௌனே 1948-இல், அமெரிக்காவிலிருந்து, ஃபோலி என்பவரோடு சேர்ந்து, தசைப்பிடிப்போடு வரும் துடிப்பு தீங்கற்றது என்று தனியே எழுதினார்.

எண்ணிப் பார்க்கவேண்டியது மிச்சமிருந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பது கவனிக்கத்தக்கது. பசிபிக் மாகடலில் குவாம் தீவின் சாமோரோ மக்களிடையே ஏ.எல்.எஸ். நோய் மற்ற நாடுகளைவிட ஐம்பது மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 1950-களில் அதை ஆராய்ந்து, மெலிவும் மரணமும் குடும்பம் குடும்பமாக நிகழ்வதைக் கண்ணால் கண்டவர் லெனார்டு குர்லாண்ட். அவரும் ரீட் என்பவரும் 1963-இல், நோயற்ற மக்களைத் தேடி, உங்களுக்குத் தசை துடிப்பது உண்டா என்று கேட்டார்கள். நூற்றுக்கு 70 பேர் உண்டு என்றார்கள். நோயின் நடுவில் நின்றவரே நோயற்றவர்களை எண்ணவேண்டும் என்று உணர்ந்தது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. பஞ்சாங்கத்தின் அட்டவணை எதை வெகுகாலமாகச் சொல்லாமல் சொல்லி வந்ததோ, அதை வைத்திய சாஸ்திரம் தன் கணக்கில் எழுதிக்கொண்ட ஆண்டு அது.

பிறகு, துடிப்பு மாத்திரம் உள்ளவர்கள் பிற்காலத்தில் என்ன ஆகிறார்கள் என்ற கேள்வி எஞ்சிற்று. லூ கெரிக்கின் நோயைத் தீர்மானித்த அதே மேயோ மருத்துவமனையிலிருந்து 1993-இல் அதற்கு விடை வந்தது. தளர்வும் மெலிவும் இன்றித் துடிப்போடு வந்த 121 பேரை, இரண்டு ஆண்டு முதல் முப்பத்திரண்டு ஆண்டு வரையில் தொடர்ந்து விசாரித்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஏ.எல்.எஸ். வரவில்லை. பின்னர் வேறிடங்களில், துடிப்பு முன்வந்து நோய் பின்வந்த சிலருடைய வரலாறும் எழுதப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும்; அவர்கள் மிகச் சிலர், பெரும்பாலும் சில மாதங்களுக்குள்ளேயே தளர்வு வெளிப்பட்டவர்கள். ஆகையால் புதிதாகத் துடிப்பு கண்டவர் ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது கடமை. கை கால் வலுக்குன்றல், மெலிவு, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை என்பவற்றில் ஒன்று இருப்பின் தாமதிக்கலாகாது.

இந்தப் பயத்துக்கு மருத்துவர்களே முதல் இரையானவர்கள் என்பதை அறியும்போது அவர்கள்மேல் இரக்கம் உண்டாகிறது. மருத்துவக் கல்லூரியில் ஷார்க்கோவின் பாடத்தைக் கேட்டுவிட்டு, அன்றிரவே தன் தொடையைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்த மாணவர்கள் எந்தத் தலைமுறையிலும் உண்டு. 2013-இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர்கள் இருவர், துடிப்பு கண்டு தமக்கு ஏ.எல்.எஸ். வந்துவிட்டதென்று அஞ்சித் தம்மிடம் வரும் மருத்துவர்களின் கவலையையே ஒரு நோய்க்குறியாக விவரித்து எழுதினார்கள்.

நம் சென்னைக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1950-இல் பி. இராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் மூளை, நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதைச் சுற்றி வளர்ந்த நரம்பியல் நிலையத்துக்குத் தென்னாட்டின் பல ஊர்களிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். 1970-இல் மீனாட்சிசுந்தரமும் ஜகந்நாதனும் இராமமூர்த்தியும், இளவயதினரிடம் காணும் ஒரு வகை நோயை விவரித்தார்கள். கை கால் மெலிந்தும் துடித்தும், முகத் தசையும் நாவும் தளர்ந்தும், செவிப்புலன் குன்றியும் வந்த அந்த இளைஞர்கள், பாடநூல் விதித்த சில ஆண்டுகளில் இறந்துவிடாமல் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள். சென்னையின் பெயராலேயே உலக மருத்துவ நூல்களில் இன்று வழங்கும் அந்நோய், மெலிவோடு கூடிய துடிப்புக்குக்கூட ஒரே தலையெழுத்து இல்லை என்பதைக் காட்டிற்று.

காரணங்களைப் பற்றி இன்று தெரிந்தவை சில. பூச்சிமருந்தைக் குடித்தவர்களையும், வயலில் தெளிக்கும்போது அது உடம்பில் ஏறியவர்களையும் நம் மாவட்ட மருத்துவமனைகள் நன்கு அறியும். அவர்களுடைய இமையும் மார்பும் தொடையும் ஓயாமல் துடிப்பதற்குக் காரணம், நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற இரசாயனம் அழியாமல் தங்கிவிடுவதே. ஜோஹன்னஸ்பர்க் நகரத்தில் ஐசக்ஸ் என்ற மருத்துவர் 1961-இல், உறக்கத்திலும் ஓயாமல் தசை துடித்த இரு நோயாளிகளை ஆராய்ந்தார். நரம்பை மருந்தால் மரத்துப்போகச் செய்தபோதும் துடிப்பு நிற்கவில்லை. நரம்புக்கும் தசைக்கும் இடையே தடை செய்யும் குராரே என்ற மருந்து அதை நிறுத்திற்று. ஆகவே தவறான கட்டளை பிறக்குமிடம் மூளையும் முதுகுத்தண்டும் அல்ல, நரம்பின் கடைக்கோடி என்று அவர் முடிவு கட்டினார். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் அவர்களுடைய துடிப்பைத் தணித்தது. 1990-களில் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள், அத்தகையோர் சிலருடைய இரத்தத்தில், நரம்பின் மேற்புறத்துப் புரதங்களையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டார்கள்; இதற்கென இரத்தப் பரிசோதனையும் இப்போது உண்டு. தீங்கற்ற துடிப்புகளிலும் கட்டளை பெரும்பாலும் நரம்பின் கடைக்கோடியிலேயே பிறக்கிறது. ஆனால் அந்தக் கடைக்கோடி ஒருவருக்கு ஏன் எளிதில் சீண்டப்படுகிறது, அடுத்தவருக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு, நூற்றில் எழுபது பேருக்குப் பொதுவான ஒரு விடையை இன்னும் எவரும் கொடுக்கவில்லை. பிடிப்பும் வலியும் சேர்ந்து தொல்லை தருபவர்களுக்குக் கார்பமசெபைன் முதலிய மருந்துகள் உதவுகின்றன. மற்றவர்களுக்கு மருந்தே தேவைப்படுவதில்லை.

எனக்கும் தேவைப்படவில்லை. இரத்தச் சோதனைகளும் ஊசிச் சோதனையும் முடிந்தபின், மருத்துவர் காகிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, இடக்காலில் மாத்திரம் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னார். பத்து முறை உயர்த்தினேன். "இது உங்களால் முடிகிறவரையில் துடிப்பை எண்ணவேண்டாம், இதை எண்ணுங்கள்" என்றார். மாதத்துக்கு ஒருமுறை, கதவு நிலையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, எண்ணுகிறேன்.